கடுகு ருவான்வெல்லைக்குப் போன பயணம்

ரோசம்மாவைப் பிடிக்காதவர்கள் எங்கள் றப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நிறையப் பேர். சில காலம் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பொம்பிளை என்றால் கொஞ்சம் பணிந்து போக வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவளுக்கும் சொல்லியிருப்பார்கள், காதில் ஏறவில்லை. புருஷன் ஸ்டீபன் செத்த மூன்றாம் மாதம், அவன் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்துத் தோட்டத்து மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. விழுந்தாள், எல்லோரும் சிரித்தோம். "ஒடையிறது என் முழங்காலுதானே, உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஏறினாள்.

அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இருந்தது கடுகு என்ற ஒரு நாய். முழத்துக்கு மேல் வளராத சாதி. விடியற்காலை றப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது முன்னால் ஓடும். ஒரு நாள் றப்பர் மரத்தடியில் சுருண்டு கிடந்த புடையன் பாம்பைப் பார்த்து, அவளைக் கிட்டப் போகவிடாமல் குரைத்துத் தடுத்தது. அதிலிருந்து சோற்றில் பாதி அதற்குத்தான்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு மேல் டிவிசனில் வெறி பிடித்த விசர்நாய் ஒன்று ஆளைக் கடித்துவிட்டது. ஊசி போட்ட அட்டை இல்லாத நாயை எல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் சுடச் சொல்லித் தோட்டத்து மனேஜர் துரை உத்தரவு போட்டார். ஊசி போடுவது புதன்கிழமை, ருவான்வெல்லை கடைத்தெருப் பக்கத்தில், பின்னேரம் இரண்டு மணிவரை. தோட்டத்திலிருந்து ஆறு மைல். நாங்கள் பாலை நிறுத்துக் கொடுத்து முடிக்கவே பன்னிரண்டு தாண்டும். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். "நாய்தானே, வேற ஒன்னு வளத்துக்கலாம்" என்று லயமே பேசி முடித்துவிட்டது. என்னிடமும் மணி என்று ஒரு குட்டி இருந்தது. நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மணியின் பக்கம் திரும்பாமல் உள்ளே போனேன்.

ரோசம்மா சைக்கிளை வெளியே எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் செய்த காரியத்தைப் பால்வெட்டுக்காரியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கடுகைப் பால் வாளிக்குள் இறக்கி, கழுத்துக் கயிற்றை வாளிக் காதில் கட்டி, ஹேண்டிலில் தொங்கவிட்டாள். முப்பது வருடமாக அந்த வாளியைச் சொட்டுப் பால் சிந்தாமல் மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கி நடந்தவள் அல்லவா, அந்த நம்பிக்கை. மைதானத்து முதல் வளைவிலேயே வாளி ஆட, ஹேண்டில் கோண, கடுகு வெளியே பாய்ந்தது. கயிறு கழுத்தை இறுக்க, நாய் அந்தரத்தில் தொங்கியது. சைக்கிளைப் போட்டுவிட்டு நாயைத் தாங்கிப் பிடித்துக் கயிற்றை அவிழ்த்தாள். வாளியடியில் மிச்சமிருந்த பால் வேறு அதன் நான்கு காலிலும் ஒட்டியிருந்தது.

"பால் வச்ச எடத்துல இருக்கும். நாய் திரும்பிப் பாக்கும். அது எனக்கு வெளங்கல பாரு" என்றாள். தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

பிறகு உட்கார்ந்து யோசித்தாள். சவர்க்காரப் பெட்டி ஒன்றைப் பின் கரியரில் வைத்து நான்கு மூலையிலும் கட்டினாள். அடியில் சாக்கை மடித்துப் போட்டாள். பழைய டியூபைக் கீறி, கழுத்தில் படாமல் நெஞ்சைச் சுற்றி, முன்னங்கால்களுக்கு அடியால் கொடுத்து முதுகில் முடிந்தாள். அதிலிருந்து ஒரு வாரைப் பெட்டியில் கட்டினாள். எழும்பலாம், இருக்கலாம், பாய முடியாது. அவ்வளவு நீளம்தான். முதலில் தள்ளிக்கொண்டே மைதானத்தை இரண்டு சுற்று வந்தாள், பிறகு ஏறி மெதுவாக நாலு சுற்று. கடுகு பழகிவிட்டது.

"ஒன் மணியையும் குடு, ரெண்டையும் ஒரே பெட்டியில கொண்டு போறேன்" என்று என்னிடம் கேட்டாள். சனம் சிரிக்குமே என்று நான் தலையாட்டி மறுத்தேன்.

புதன்கிழமை அவள் போனதை அவள் வாயாலேயே கேட்டேன். செங்குத்தான இறக்கத்தில் இறங்கித் தள்ளியிருக்கிறாள். பாலத்தடியில் ஒரு லொறி ஹோன் அடிக்க, கடுகு துள்ளியிருக்கிறது. வார் தாங்கிவிட்டது. கடைத்தெருவில் ஆண்கள் கூவியிருக்கிறார்கள். இவளும் சிங்களத்தில் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

ஊசி போட்ட ஐயா அட்டை எழுதும்போது இவளுடைய அடையாள அட்டையைக் கேட்டாராம். எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அது கிடையாது, அவளுக்கும்தான். "அப்படியென்றால் சொந்தக்காரர் என்று துரையின் பெயரைப் போடுகிறேன்" என்றாராம்.

"பல்லா மகே" என்றாளாம் ரோசம்மா. நாய் என்னுடையது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. இவள் நகரவில்லை. கடைசியில் அந்த மனுசன் அவள் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டு, மற்ற நாய்களை வெள்ளிக்கிழமை நாலு மணிவரை ருவான்வெல்லையில் இருக்கும் தன் ஆபீசுக்குக் கொண்டுவரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதையும் லயம் முழுக்கச் சொன்னாள். ஒருத்தரும் அசையவில்லை. நானும்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தோட்டத்து வாச்சர் பழனியாண்டி நாய் சுடத் துவக்கோடு வந்தார். மேல் லயத்தில் நாலு வெடி கேட்டது. எங்கள் லயத்தில் முதலில் ரோசம்மாவின் ஒற்றை அறைக் காம்பரா. அவள் அட்டையை நீட்டினாள்.

"தொரையோட லயத்து நாயிக்கு நீ எப்படிக்கா சொந்தக்காரி?"

"லயம் தொரையோடது. நாய் என்னோடது. வாசிச்சிட்டுப் போங்க அண்ணே."

அவர் வாசித்தார். பிறகு என் வாசலுக்கு வந்தார். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. மணி அவர் காலை மோந்து பார்த்து வாலை ஆட்டியது. அவர் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. குட்டியை வாரி எடுத்துக்கொண்டு ரோசம்மாவின் சைக்கிளுக்கு ஓடினேன். பெட்டிக்குள் விட்டு, டியூப் வாரை நெஞ்சைச் சுற்றிப் போட்டு முதுகில் முடிந்தேன். முடிச்சை ரோசம்மா இழுத்துப் பார்த்தாள்.

"நாலு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கு அண்ணே" என்றேன். "திரும்பி வர்றப்ப அட்டையோட வரும். இப்ப சுடணும்னா சைக்கிளோட சேத்துச் சுடுங்க."

ரோசம்மா ஏறிப் பெடலை மிதித்தாள். பெட்டிக்குள்ளிருந்து மணி எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பழனியாண்டி வழியை விட்டு விலகி நின்றார்.