பரிவட்டத்துக்காகப் பிழைத்தவன்

கைக்குட்டையில் இருந்த சிவப்பைச் சாயம் என்றே நினைத்தேன். பட்டு நூல் விற்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? நேரே சாயப் பட்டறைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"என்னாபா சாயம் போடற? இருமித் துடைச்சா ஒட்டிக்கினு வருது!"

பட்டறைக்காரர் வாங்கிப் பார்த்தார். "இந்த வாரம் பூரா பச்சைதான்பா போட்டுக்கினு இருக்கேன். நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ."

காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்). சானடோரியத்தில் ஒரு கட்டில் கிடைத்தது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி, கொசுறாகக் காதில் வண்டு பாடும்). சாவதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. பிறந்தான், நூல் விற்றான் என்பதற்கு மேல் என் வாழ்க்கையில் எழுத எதுவும் தேறவில்லை.

வைகாசி கருட சேவை முடிந்த ஞாயிறு, என் மனைவி கமலா வேகவைத்த முட்டையும் ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். எங்கள் தெரு மண்டபத்தில் பெருமாள் நிற்கும்போது எங்கள் குடும்பத்து மூத்தவன் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அப்பாவுக்குப் பிறகு அது என் தலை. இந்த வருஷம் சித்தப்பா மகன் வேணு தன் தலையை நீட்டிவிட்டான்.

"நான் படுத்திருக்கேன். யாராவது நீட்டித்தானே ஆகணும்?"

"அது இல்லீங்க. 'அண்ணன் கதை முடிஞ்சிடுச்சு, இனிமே வருஷா வருஷம் நான்தான்'னு பட்டர்கிட்ட சொல்றாரு. என் எதிர்லயே!"

கதாநாயகன் பாதியில் செத்தால் வில்லன் சொல்வதுதான் கதையாகிவிடும். அதற்கு விடுவதாக இல்லை. ஊசி இறங்கும்போதெல்லாம் அது வேணுவின் இடுப்பில் இறங்குவதாக நினைத்துக்கொண்டேன். கடைசிக் காட்சியும் தயார்: பரிவட்டத்தோடு நான், எதிரே வேணுவின் வெளிறிய மூஞ்சி.

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்தார். "புண்ணு நல்லா ஆறுதே! என்ன சாப்பிடறீங்க?"

"பகைதான் சார்."

"விட்டுடாதீங்க. கூட முட்டையும் சாப்பிடுங்க."

அடுத்த வைகாசியில் மண்டபத்தில் நின்றேன். நெரிசலில் நேரமாகும் என்று பட்டர் பரிவட்டத்தை முன்கூட்டியே முடிந்து வைத்திருப்பார், என் பழைய தலை அளவுக்கு. முடி கொட்டி வற்றிய தலையில் அது நிற்கவில்லை, மூக்குவரை இறங்கிவிட்டது. இரண்டு கையாலும் அர்ச்சனைத் தட்டைப் பிடித்திருந்ததால் ஏற்றிவிடவும் வழியில்லை. நாதஸ்வரம் கேட்டது, கற்பூரம் மணத்தது, ஒன்றும் தெரியவில்லை. கமலா வந்து துணியை ஏற்றிவிட்டபோது பெருமாளும் போயிருந்தார், வேணுவும் போயிருந்தான்.

"அவன் மூஞ்சி எப்படி இருந்துது?"

"யாரு பார்த்தா? நீங்க விழாம நிக்கணுமேன்னு உங்க காலைத்தான் பார்த்துக்கினு இருந்தேன்."

கட்டிலில் படுத்துக்கொண்டு இதைப் படிக்கிறவரே, உங்கள் கதைக்கும் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்லவனாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

எனக்கு இப்போது வருஷம் பிறப்பது வைகாசியில்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு ஒரு படி பின்தங்கி வருகிறது. நின்று அழைத்துக்கொண்டு போகிறேன். வேணுவின் மூஞ்சி இன்னும் பாக்கி. பட்டரிடம் தலையின் புது அளவைக் கொடுத்துவிட்டேன்.