நான்காவது சக்கரத்தின் ஆட்டம்

கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து 'ஓய்வு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். மாத்தளை டவுனில் பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். டாக்டர் மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார், நடுக்கம் குறையவில்லை. ரிவர்ஸ்டன் போகும் வழியில் ஒரு தங்கும் விடுதிக்கு மும்மொழிப் பலகை எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். அதை முடியாதென்று சொன்னால் தொழிலையே விட்டதாகிவிடும். தூரிகை பிடிக்க என்னால் முடியாவிட்டால், எழுதுகிற இயந்திரத்தை நானே செய்துவிடுவதென்று முடிவெடுத்தேன்.

அது பெரிய வித்தை இல்லை. மோட்டார் ஒரு நீண்ட திருகுத் தண்டைச் சுழற்றும். அதில் கோத்த நட்டைச் சுற்றவிடாமல் பிடித்துவைத்தால், அது முன்னும் பின்னும் நகரும். நட்டோடு ஒரு தட்டு. தட்டின் கீழே நான்கு சக்கரங்கள், அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் ஓடும். திருகு தள்ளும், சக்கரங்கள் வழி விலகாமல் பார்த்துக்கொள்ளும். எழுதும் பலகையைக் குறுக்கே நகர்த்த இன்னொரு மோட்டார். முதலில் ஹார்ட்வெயார் கடையில் சாதாரணத் தண்டு வாங்கி மாட்டினேன். திசை மாறும்போதெல்லாம் நட்டு ஒரு கணம் சும்மா நின்றுவிட்டுத்தான் நகர்ந்தது. பிறகு, அந்த இடைவெளி விழாதபடி ஸ்பிரிங் வைத்த நட்டோடு சரியான தண்டைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன்.

தட்டில் பேனாவைக் கட்டி, கம்ப்யூட்டரில் வரைந்துவைத்த ஒரு சிங்கள எழுத்தை எழுதவிட்டேன். சிங்களத்தில் நேர்கோட்டுக்கு அவ்வளவாக வேலையில்லை, வளைவுதான். அந்த வளைவு நெடுக நெளிந்து கிடந்தது. என் கையே எழுதியது போலிருந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

தையல் மெஷினில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "சக்கரம் லூசா இருக்கும் போல. நான் பாக்கவாங்க?"

"ஒன் வேலயப் பாரு."

ஒரு பக்கத்துச் சக்கரங்களின் அச்சில், ஓட்டை நடுவிலிருந்து சற்று விலகிய நட்டு இருக்கும். ஸ்பேனரால் அதைத் திருப்பினால் சக்கரம் சட்டத்தை நெருங்கும். அதிகம் நெருங்கினால் தட்டு ஓடாது, விலகினால் ஆடும். தட்டைக் கையால் அசைத்துப் பார்த்துத்தான் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு நாள் அசைத்துப் பார்த்தேன். இறுக்கினேன், ஆடியது. இன்னும் இறுக்கினேன். தட்டு இறுகிப்போய் நகரவே மறுத்தது, அப்போதும் என் விரலுக்கு ஆடுவதாகவே பட்டது. சக்கரத்தின் ஆட்டம் எது, என் ஆட்டம் எது என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. ஸ்பேனரோடு உட்கார்ந்து அழுதேன்.

பிறகு எழுந்துபோய் அதை அவளிடம் நீட்டினேன். "நீயே பாரு."

அவள் குத்திக்காட்டவில்லை. தையல் நூலின் இறுக்கம் பார்த்துப் பொபின் ஸ்க்ரூவை இழை அளவுக்குத் திருகித் திருகிப் பழகிய விரல்கள் அவளுடையவை. நான் இறுக்கியதையெல்லாம் தளர்த்திவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிசெய்துகொண்டு வந்தாள். நான்காவதில் நின்றாள்.

"இதுதாங்க ஆடுது."

"துளி திருப்பு. இப்ப?"

"தட்டு ஆடல. சக்கரத்த வெரலால சுத்துனா, கொஞ்சம் இறுக்கமா வழுக்கிக்கிட்டு சுத்துது."

"அதேதான். விட்டுரு."

மறுபடி எழுதவிட்டோம். வளைவு தொடங்கிய இடத்திலேயே பிசிறில்லாமல் வந்து முடிந்தது. அந்த வாரமே பேனாவைக் கழற்றி, வெட்டும் முனையை மாட்டிப் பலகையை முடித்தோம்.

விடுதிக்காரர் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கை சரியாயிருச்சுங்களா?"

"இல்லீங்க," என்றேன். "இப்ப ரெண்டு பேரா எழுதுறோம்."