மூடியில் எழுதிய பெயர்

இதில் வரும் நேரங்களை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. எங்கள் லேபில் இன்குபேட்டர் கதவை யார் திறந்தாலும், பக்கத்தில் தொங்கும் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் என் பீரோவில் இருக்கிறது. 2008, சித்திரைப் பௌர்ணமி. ஐந்து கையெழுத்து. ஐந்தும் என்னுடையவை. நாலாவதை மட்டும் யாரிடம் காட்டினாலும் வேறு ஆள் போட்டது என்பார்கள். இல்லை, அதையும் நான்தான் போட்டேன்.

என் பெயர் பிரகாஷ். அப்போது திருவண்ணாமலையில், செங்கம் ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் மேல்மாடி லேபில் டெக்னீஷியன். சுகர் முற்றிக் கால் விரல் கறுத்துப்போனவர்களின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுப்போம். அதிலிருக்கும் ஸ்டெம் செல்களை மூன்று வாரம் வளர்ப்போம். பிறகு டாக்டர் அவரவர் செல்லை அவரவர் காலிலேயே ஊசியாகப் போடுவார். ரத்த ஓட்டம் திரும்பினால் கால் பிழைக்கும். இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான்.

செல்கள் வளர்வது ஃப்ளாஸ்கில். காபி ஊற்றும் ஃப்ளாஸ்க் இல்லை, உள்ளங்கை அகலத்தில் தட்டையான பிளாஸ்டிக் பாட்டில். அதை உடம்புச் சூட்டிலேயே இன்குபேட்டரில் வைத்திருப்போம். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். கிட்டத்தட்ட மாடு வளர்க்கிற வேலைதான். லீவு கிடையாது.

அப்போது எங்களிடம் இரண்டு பேருடைய ஃப்ளாஸ்க் இருந்தது. ஒருவர் கீழ்பென்னாத்தூர் ராமதாஸ். மணிலாக் கடலை போடும் விவசாயி. வலது காலில் மூன்று விரல் கறுத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் தள்ளினால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்னொருவர் அடி அண்ணாமலை பச்சையம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கிரிவலப் பாதையில் கற்பூரம் விற்பவர். இருபது வருடமாக ஒரு பௌர்ணமிகூட விடாமல் மலை சுற்றியவராம். அவருக்கும் வலது கால்தான். புண் வந்ததும் அந்தக் கால் மெட்டியைக் கழற்றிவிட்டார்கள். இடது காலில் மட்டும் மெட்டி. நடந்து வந்தால் பார்க்காமலே தெரியும். கிண்... சரக்... கிண்... சரக்... மெட்டி ஒருமுறை தரையில் படும், கட்டுப் போட்ட கால் ஒருமுறை இழுபடும்.

கடைசியாக வந்தபோது அவருடைய வீட்டுக்காரர் ஏழுமலை கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார். "மெதுவா வா பச்ச," என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பச்சையம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா நைனா, நான் மறுபடி மலை சுத்துவேனா?"

"சுத்துவீங்கம்மா."

இருவருக்கும் பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஊசி. அதற்கு முந்தைய இரவு கடைசியாக ஒருமுறை திரவம் மாற்றியாக வேண்டும். என்னோடு வேலை செய்த சந்திரகலா அக்கா, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிடும் என்று மாலை நாலு மணிக்கே கிளம்பிவிட்டார். கிளம்பும்போது ஃப்ளாஸ்கைப் பார்த்துவிட்டுத் திட்டினார்.

"பேர மூடியில எழுதியிருக்க? எத்தினி வாட்டி சொல்றது, பாட்டில் மேல எழுதுன்னு. மூடி மாறிப் போனா இன்னா பண்ணுவ?"

"எழுதிடறேங்க்கா."

பாட்டில் மேல் எழுதினால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும்போது மை அழிந்துவிடுகிறது என்று மூடியில் எழுதியிருந்தேன். ஒன்றில் 'ரா', ஒன்றில் 'ப'. பிறகு மாற்றி எழுதவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவருடைய ஃப்ளாஸ்கைத்தான் திறக்க வேண்டும். அன்று கீழே ரோட்டில் லட்சக்கணக்கில் ஜனம். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று சத்தம் ஓயவே இல்லை. சீக்கிரம் முடித்துவிட்டு நானும் போகலாம் என்று இரண்டையும் ஒன்றாகத் திறந்தேன்.

மணி 9.12. கரண்ட் போனது.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. கும்மிருட்டு. இன்குபேட்டருக்கு மட்டும்தான் பேட்டரி உண்டு. நான் வேலை செய்துகொண்டிருந்த கண்ணாடிக் கூண்டில் சுத்தமான காற்றைத் தள்ளும் ஃபேன் நின்றுவிட்டது. திறந்து கிடந்தால் கிருமி விழுந்து மூன்று வார உழைப்பும் பாழ். பதறிப்போய்க் கையால் தேடினேன். ஒரு ஃப்ளாஸ்க் முழங்கையில் இடித்து நகர்ந்தது. அதைப் பிடிக்கப் போனதில் இன்னொன்றும் நகர்ந்தது. கைக்குக் கிடைத்த மூடியைக் கிடைத்த ஃப்ளாஸ்கில் திருகினேன்.

9.16க்குக் கரண்ட் வந்தது.

இரண்டு ஃப்ளாஸ்க். இரண்டு மூடி. எந்த மூடி எதற்குரியது என்று எனக்குத் தெரியவில்லை.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கெண்டைமீன் கூட்டம் மாதிரி ஒரே விதமான நீளச் செல்கள். ஆண், பெண் என்றுகூட அதில் தெரியாது. நடந்ததை டாக்டரிடம் சொன்னால் இரண்டையும் கொட்டிவிடுவார்கள். மறுபடி வளர்க்க மூன்று வாரம். ராமதாஸின் காலுக்கு மூன்று வாரம் இல்லை. சொல்லாவிட்டால் ஒருவர் செல் இன்னொருவர் உடம்பில் போகலாம். போனால் என்ன ஆகும் என்று டாக்டருக்கே தெரியாது.

டாக்டருக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன். அந்த நிமிடத்தில் எனக்குள் ஏதோ மரத்துப்போனது. அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. புதுத் திரவத்தை ஊற்றினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு ஃப்ளாஸ்கின் மூலையில் சிறிய கீறல். அதன் மேல் 'ரா' மூடி இருந்தது. சரியோ தப்போ, கீறல் ராமதாஸ், கீறல் இல்லாதது பச்சையம்மாள். அப்படியே இருக்கட்டும் என்று உள்ளே வைத்தேன். 9.20. எடுத்ததற்கும் வைத்ததற்கும் சேர்த்து முதல் கையெழுத்து.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

10.05. பீப்... பீப்... பீப்...

இன்குபேட்டர் கதவு திறந்திருந்தால் வரும் சத்தம். கதவு ஒரு விரல் அளவு விலகியிருந்தது. நான் தாழ் போட்டிருந்தேன். உள்ளே பார்த்தேன். கீறல் விழுந்த ஃப்ளாஸ்கின் மேல் 'ப' மூடி.

நான்தான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் தப்பாகப் பார்க்கவில்லை. மூடிகளைப் பழையபடி மாற்றினேன். இரண்டாவது கையெழுத்து.

கொஞ்ச நேரத்தில் கற்பூர வாசனை வந்தது. ரோட்டில் லட்சம் பேர் கற்பூரம் கொளுத்துகிறார்கள், வரத்தான் செய்யும். ஆனால் எங்கள் அறைக்குள் வடிகட்டிய காற்று மட்டும்தான் வரும். அதில் வாசனை வராது.

11.10. பீப்... பீப்...

மறுபடி கீறல் ஃப்ளாஸ்கில் 'ப'.

இன்டர்காமில் கீழே வாட்ச்மேன் கருப்பனைக் கூப்பிட்டேன்.

"மேல யாராச்சும் வந்தாங்களா?"

"கேட்டு பூட்டிக் கீது சார். யாரும் வர்ல."

"கதவு சத்தம் கேட்டுச்சா?"

"அது கேக்கல. ஒரு பொம்பள நடக்கற மாரி கேட்டுச்சு. நர்ஸம்மான்னு நெனச்சேன்."

அன்று மேல்மாடியில் நர்ஸ் கிடையாது.

மூடிகளை மாற்றினேன். இந்த முறை மார்க்கரை எடுத்து, கீறல் ஃப்ளாஸ்கின் மேலேயே பெரிதாக 'ரா' என்று எழுதினேன். அக்கா சொன்னபடி. மூன்றாவது கையெழுத்து. கதவில் தாழ் போட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டினேன்.

கதவை எதிர்த்தாற்போல் உட்கார்ந்தேன். கண்ணை எடுக்கவில்லை.

12.14.

கிண்...

வெளியே வராந்தாவில்.

சரக்...

எனக்கு அந்த நடை தெரியும்.

கிண்... சரக்... கிண்... சரக்...

கதவருகே வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. ஆனால் அடுத்த சத்தம் அறைக்குள் கேட்டது.

சரக்...

எனக்குப் பின்னால்.

திரும்பவில்லை. திரும்பத் தோன்றவில்லை. கால்கள் என்னுடையவை மாதிரியே இல்லை.

விளக்கு ஒருமுறை இமைத்தது.

12.20. பீப்...

பிளாஸ்டர் கிழியவில்லை. கதவு திறந்திருந்தது.

கீறல் ஃப்ளாஸ்கில் நான் எழுதிய 'ரா' இல்லை. துடைத்திருந்தது. ஸ்பிரிட் ஈரம் இன்னும் காயவில்லை.

மேலே 'ப' மூடி.

கை நீட்டினேன். மூடியைத் தொட்டேன்.

"இருக்கட்டும் நைனா..."

காதுக்குப் பக்கத்தில்.

கையை எடுத்துவிட்டேன். கதவைச் சாத்தினேன். நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. விடியும்வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். தூங்கவும் இல்லை. காலை 6.40க்கு ஃப்ளாஸ்குகளை வெளியே எடுத்தேன். அது ஐந்தாவது கையெழுத்து.

ஏழு மணிக்கு ராமதாஸ் மகனோடு வந்து படுத்தார். பச்சையம்மாள் வரவில்லை. ஏழேகாலுக்கு ஏழுமலை போன் செய்தார். முந்தின இரவு நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ அந்தக் கூட்டத்தைத் தாண்டி வருவதற்குள், எட்டே முக்காலுக்கு உயிர் போய்விட்டது. எட்டே முக்கால். இங்கே கரண்ட் போவதற்கு இருபத்தேழு நிமிடம் முன்பு.

எனக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. புண்ணியவதி. போகிற நேரத்தில் என் தப்பைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த இரவு முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவர் வைத்தபடியே விட்டேன். 'ரா' மூடி போட்ட ஃப்ளாஸ்கின் செல்கள் எட்டரை மணிக்கு ராமதாஸின் வலது காலில் ஏறின. கீறல் விழுந்த 'ப' ஃப்ளாஸ்கின் செல்களை, டாக்டரின் ஆராய்ச்சிக்காகத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தோம்.

உறைய வைக்கக் குடும்பத்தின் கையெழுத்து வேண்டும். பத்தாம் நாள் அடி அண்ணாமலை போனேன். கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு. நீலக் கதவு, வாசலில் வேப்பமரம். ஏழுமலை கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ராமதாஸின் கால் பிழைத்தது. புண் ஆறி, ஆறு மாதத்தில் ஊன்றி நடந்தார். அந்த ஆராய்ச்சியிலேயே நன்றாகத் தேறிய கால் அதுதான் என்று டாக்டருக்குப் பெருமை.

2009 கடைசியில் டாக்டர் கட்டுரை எழுத உட்கார்ந்தார். உறைய வைத்த செல்களை எல்லாம் குரோமோசோம் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார். அதில் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11.30க்கு ரிப்போர்ட் வந்தது. கவரைப் பிரித்தது நான்.

பச்சையம்மாள் பெயர் போட்ட செல்கள்... ஆண்.

இருட்டில் என் கை முதலில் மூடியது சரியாகத்தான் இருந்திருக்கிறது. கீறல் ஃப்ளாஸ்க் ராமதாஸுடையது. நைட்ரஜனில் உறைந்து கிடப்பவர் ராமதாஸ். அவர் காலில் ஏறியது வேறு ஒருவர்.

அன்று மதியம் 12.10க்கு ராமதாஸே செக்கப்புக்கு வந்தார். செருப்பில்லாமல் வந்திருந்தார். நான் பதிவேட்டைத் திறந்தேன்.

"கால் எப்படிங்க இருக்கு?"

"ஜோரா கீதுப்பா. மாசா மாசம் மலை சுத்தறேன்."

"முன்னாடியே சுத்துவீங்களா?"

"எங்க... இத்தினி வயசுல ஒரு வாட்டி கூட சுத்துனதில்ல. இப்போ பௌர்ணமி வந்தா இந்தக் கால் வூட்ல நிக்க மாட்டேங்குது." வலது காலைத் தட்டிக் காட்டினார். "ஒண்ணு கேக்கணும்பா. அடி அண்ணாமலைல ஒரு நீலக் கதவு வூடு. வாசல்ல வேப்பமரம். அங்க போனா கால் நின்னுடுது. இழுத்தாலும் வராது. அந்த வூட்டுக்காரரு தண்ணி குடுப்பாரு, குடிச்சாத்தான் நகரும். இது நரம்புக் கோளாறா?"

நான் பேனாவை எடுத்தேன்.

"போன பௌர்ணமி அந்தாளு வாசல்ல தலையக் குனிஞ்சி உக்காந்திருந்தாரு. நான் போய் நின்னேன். நிமிந்துகூட பாக்கல. என் நடைய மட்டும் கேட்டுட்டு, 'வந்துட்டியா பச்ச'ன்னாரு. யாருப்பா அது பச்ச?"

பதிவேட்டில் எழுதினேன். வலது கால். உணர்வு நன்றாக உள்ளது. நடை நன்றாக உள்ளது.

கீழே கையெழுத்துப் போட்டேன்.