வாழை வைக்கலாமா என்று கேட்டவர்

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கையில் முதலில் போனைத்தான் கொடுப்பேன். திருச்சியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ரிசர்ச் கோஆர்டினேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்; புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுக்க இன்னும் போய்வருகிறேன்.

பெருங்குடல் புற்றுநோய் பொல்லாத வியாதி. இரண்டு பேருக்கு ஒரே ஸ்டேஜ், ஒரே ஆபரேஷன், ஒரே கீமோ. ஆனாலும் ஒருவர் பேரன் பேத்தி எடுப்பார், இன்னொருவருக்கு நோய் திரும்பிவிடும். ஏன் என்று பார்க்க, எங்கள் பிரிவில் கட்டித் துண்டை எடுத்து, டிஎன்ஏ-வில் என்ன மாறியிருக்கிறது, எந்த ஜீன் அதிகம் வேலை செய்கிறது, புரோட்டீன்கள் எப்படி இருக்கின்றன என்று எல்லா டேட்டாவையும் சேர்த்துக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். அது நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்தது. பிரித்தது சரியா என்று தெரிந்துகொள்ள, யார் இருக்கிறார், யார் இல்லை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட வேண்டும். அதுதான் என் வேலை.

எங்களுக்குத் தந்திருந்த கேள்வி, “நோயாளி உயிருடன் இருக்கிறாரா?” என்பது. ஒரு வீட்டுக்குப் போன் போட்டு யாராவது அப்படிக் கேட்பார்களா? நான் ஒருநாளும் கேட்டதில்லை. “ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்பேன். ஆள் இருந்தால் போன் அவர் கைக்குப் போய்விடும். போகாவிட்டால், அவர்களே சொல்லட்டும் என்று காத்திருப்பேன்.

எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த ஜீயபுரம் விவசாயி ராமலிங்கத்துக்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்திருந்தன. மனைவி செல்வியோடு செக்கப்புக்கு வந்தவர், ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

“கம்ப்யூட்டர் என்னை எந்த குரூப்புல போட்டுச்சுங்க? பூவன் வாழைக் கன்னு வைக்கணும். தார் வெட்ட ஒரு வருசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் நான் இருப்பேன்னா வைக்கிறேன். இல்லன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடறேன்.”

“குத்தகைக்கே விடச் சொல்லுங்கம்மா. நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறாரு” என்றார் செல்வி.

அவர் இருந்தது மூன்றாம் குழுவில். அந்தக் குழுவில்தான் நோய் சீக்கிரம் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கும் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்து ஃபைலைப் புரட்டினேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“அப்படிப் பிரிக்கிறது சரியான்னே நாங்க இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம். அதை வச்சு ஒருத்தருக்கு இதுதான்னு சொல்ல முடியாது. சேரும்போதே சொன்னோமில்ல? நோய் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். இன்னைக்கு ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. தோட்டத்துக்குப் போகத் தெம்பு இருக்கா?”

“இருக்குங்க.”

“ஆசை?”

அவர் சிரித்துவிட்டார். “அதுக்கென்னங்க, எப்பவும் இருக்கு.”

“அப்ப வைங்க. பாரம் மட்டும் தூக்காதீங்க.”

வெளியே போகும்போது, நானாவது தனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று செல்வி என்னை முறைத்துவிட்டுப் போனார்.

சில மாதங்களில் நோய் கல்லீரலில் தெரிந்தது. அப்புறம் அவர்கள் வருவது நின்றுபோனது. போன் போட வேண்டிய முறை வந்தபோது தள்ளிப்போட்டேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வீடு திரும்பும்போதெல்லாம் செல்வியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. உண்மையில் பயமாக இருந்தது. ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போட்டேன்.

“வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

போன் கை மாறவில்லை.

“தார் வெட்டி முடிச்சாச்சும்மா” என்றார் செல்வி. “அவருக்குத்தான் பாக்கக் குடுத்து வைக்கல. வாழை பூ தள்ளுற வரைக்கும் பாத்தாரு.”

“வைக்கச் சொன்னது தப்பாப் போச்சாம்மா?”

“என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? குத்தகைக்கு விட்டிருந்தா மனுசன் நாளை எண்ணிக்கிட்டுப் படுத்திருப்பாரு. கடைசி வரைக்கும் ‘தண்ணி பாஞ்சுதா’ன்னுதான் கேட்டாரு. ‘நான் பொழைப்பேனா’ன்னு ஒரு நாளும் கேக்கல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேதி கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று திரையில் காட்டுகிற மூன்றாம் குழுவின் கோடு ஒரு படி கீழே இறங்கியது. அவர் விஷயத்தில் கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. டாக்டரம்மாவும் பொய் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு குழுவில் எத்தனை பேர் பிழைக்கக்கூடும் என்பதை அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லலாம். வாழை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டால், அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும்.