டீசல் கொட்டகையும் சோளத்தட்டுப் போரும்

எண்பதுகளில் தர்மபுரியில் ஓர் இன்சூரன்ஸ் கிளையில் எனக்கு வேலை. கடை, குடோன்களை நேரில் பார்த்து, பாலிசி கொடுக்கலாமா என்று மேலாளருக்கு எழுதித் தர வேண்டும்.

மழை பொய்த்துக்கொண்டே போன காலம். கிணற்றில் தண்ணீர் கீழே இறங்க இறங்க, டீசல் இன்ஜின்கள் அதிக நேரம் ஓடின. கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு டீசல் வியாபாரிக்கு அதனாலேயே வியாபாரம் பெருகியது. ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுப் பேரல்களை அடுக்கி, தீ விபத்துக்கு பாலிசி கேட்டார்.

போய்ப் பார்த்தேன். மணல் வாளி, தகரக் கூரை, எல்லாம் விதிப்படி இருந்தன. ஆனால் வேலிக்கு அந்தப்புறம், ஒட்டினாற்போல ஒரு சோளத்தட்டுப் போர். இரண்டு எருமைகளை வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மாவுடையது. மழை வரும்வரை அவற்றுக்கு அதுதான் தீனி.

கொட்டகையை வேலியிலிருந்து தள்ளிப் போடச் சொல்லலாம் என்று மேலாளரிடம் சொன்னேன்.

"போர் நம்ம பாலிசியில இல்லையேம்மா. பேரலுக்கு ஆபத்தான்னு மட்டும் பாருங்க" என்றார். பாலிசி கொடுத்துவிட்டோம்.

கோடையில் ஒரு மத்தியானம், கொட்டகையில் டீசல் ஊறிக் கிடந்த சாக்கில் யாரோ பீடியைப் போட்டுவிட்டார்கள். ஆளுக்குச் சேதமில்லை. கொட்டகையும் பேரல்களும் போயின. காற்றில் தீ வேலி தாண்டியது, போரும் போனது.

சேதத்தைப் பார்க்க மேலாளரும் என்னுடன் வந்தார். கருகிய தட்டைக் காலால் கிளறிக்கொண்டு அந்த அம்மா நின்றிருந்தார்.

"அவுரு பேரலுக்குப் பணம் வந்துருமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"வருமுங்க" என்றேன்.

"மழ இல்லாம எங்க சோளக்காடு காஞ்சுச்சே, அதுக்குக் குடுப்பீங்களா?"

"அதுக்கு எங்ககிட்ட பாலிசி இல்லீங்க."

"நெருப்புக்கும் இல்ல, காச்சலுக்கும் இல்ல. அப்ப எங்களுக்கு என்னதாங்க இருக்குது?"

மேலாளர் செருப்பில் ஒட்டிய சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸிலிருந்து வெளியே பார்த்தேன். அரூர் ரோட்டோரம் வெறும் செம்மண் காடுகள். மழையில்லாத அந்தக் காய்ச்சலில்தான் டீசல் விற்றது. டீசலுக்கு நாங்கள் துணை நின்றோம், காய்ச்சலுக்கு நிற்கவில்லை. அன்று எனக்கு அவ்வளவுதான் புரிந்தது.

பணம் வாங்கிக்கொண்டு, வியாபாரி அதே இடத்தில் கொட்டகை போட்டுப் புது பாலிசி கேட்டு வந்தார். இம்முறை மேலாளரே பேசினார்.

"வேலியிலிருந்து நல்லாத் தள்ளிப் போடுங்க. பக்கத்துக் காட்டுல எரிஞ்ச போர் நஷ்டத்தையும் சரிபண்ணுங்க. அப்புறம் பாலிசி."

"அவங்க போருக்கும் எனக்கும் என்னங்க சார் சம்பந்தம்? ரூல்ல இருக்குதா?"

"ரூல்ல இல்ல. இந்தக் கிளையில இனிமே இருக்கும்."

வியாபாரி கோபமாக எழுந்து போனார். பத்து நாளில் திரும்பி வந்து, கொட்டகையை மாற்றிவிட்டதாகச் சொன்னார். பார்க்கப் போனேன். அந்த அம்மா வீட்டெதிரே வியாபாரி அனுப்பிய புதுத் தட்டு இறங்கியிருந்தது. ஓர் எருமைதான் கட்டியிருந்தது.

"இன்னொண்ணு?"

"தீனியில்லாம, இது வர்றதுக்கு முன்னாடியே வித்துட்டனுங்க" என்றார். பிறகு, "தட்டு நல்லாத்தான் இருக்குதுங்க" என்று சொல்லி, ஒரு கட்டை அவிழ்த்து எருமை முன்னால் போட்டார்.