சுல்மா அணைத்துவைக்கும் வடிகட்டி

இப்போதெல்லாம் சுல்மா பெர்தோமோ முதலில் வடிகட்டியை அணைத்துவிடுவாள். திரையில் வழவழவென்று ஓடிக்கொண்டிருந்த மூளை அலைகள் மறுகணமே கரடுமுரடாகி, பார்க்கச் சகிக்காது. "சீவிச் சிங்காரிச்ச அலைய அப்புறம் பாருங்க டாக்டர். மொதல்ல தூங்கி எழுந்த மூஞ்சியப் பாருங்க" என்பாள். இளம் மருத்துவர்கள் முனகுவார்கள். அவள் பாட்டுக்கு மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருப்பாள்.

மொந்தேவிதேயோ நகர ஆஸ்பத்திரியில், வலிப்பு நோய்க்கு அறுவை செய்யும் பிரிவில் இருபத்தாறு வருடமாக அவள் டெக்னீஷியன். இடது அக்குளில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க். கைக்கடிகாரம் கிடையாது. பஸ் அரைமணி தாமதமானாலும் அலட்டிக்கொள்ளமாட்டாள். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் மட்டும் சண்டைக்கு வந்துவிடுவாள்.

காரணம் இருக்கிறது. மண்டைக்குள் கம்பி செருகிப் பதிவு செய்வார்கள். வலிப்பு எங்கே முதலில் கிளம்புகிறதோ அங்கேதான் கத்தி. இரண்டு இடங்களுக்கு நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் வித்தியாசம் இருக்கும். இரைச்சல் போக, அலையை வடிகட்டியில் முன்னோக்கி ஒருமுறை, முடிவிலிருந்து பின்னோக்கி ஒருமுறை ஓட்டுவது வழக்கம். அப்படிப் பின்னோக்கி ஓட்டும்போது, சட்டென்று துள்ளும் பெரிய அலை முன்பக்கமாகக் கசிந்து, பிறப்பதற்கு முன்பே பிறந்ததுபோலத் தெரியும்.

அது வில்சன் தெச்சேராவின் தலையில் விடிந்தது. பஸ் கண்டக்டர். வலிப்பு அவனுக்குக் காதின் பின்புறம் சன்னமாகக் கிளம்பி, அப்புறம்தான் நெற்றிப்பொட்டில் துள்ளியது. வடிகட்டிய படத்தில் நெற்றிப்பொட்டு முந்திக்கொண்டது. அங்கே அறுத்தார்கள். வலிப்பு நிற்கவில்லை, வார்த்தைகள்தான் போயின. நிறுத்தங்களின் பெயரை ராகம் போட்டுக் கூவியவனுக்கு இன்று ரொட்டியைக் கேட்க வாய் வரவில்லை. என்ன கொடுமை!

போன குளிர்காலத்தில் அவனுடைய பழைய பதிவை வடிகட்டாமல் திறந்தபோதுதான் சுல்மா இதைக் கண்டாள். தலைமை மருத்துவர் பெந்தான்கோரிடம் ஓடினாள்.

"ஊரு உலகமே அந்த ஃபில்டரைத்தான் போடுது. நீ எதுக்கு இழுத்துவிட்டுக்கிற? வாய மூடிட்டு இரு" என்றார் அவர்.

எட்டு மாதம் மூடிக்கொண்டுதான் இருந்தாள். அதற்காகத் தன்னையே காறித் துப்பாத நாளில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை, இரண்டாம் அறுவையைப் பற்றிப் பேச வில்சனும் அவன் மனைவி மாபெலும் வந்தார்கள். மருத்துவர் வருமுன் மாபெல் சுல்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போன தடவை சரியாத்தானே பாத்தீங்க? சரியாப் பாத்தே இப்படி ஆச்சுன்னா, இன்னொரு தடவ இவரு தலையக் குடுக்கமாட்டேன். வலிப்பு வந்தே சாவட்டும்."

சுல்மா பிளாஸ்கைக் கீழே வைத்தாள்.

"சரியாப் பாக்கல மாபெல். அந்த ஃபில்டரைப் போட்டது நாந்தான். வலிப்பு கெளம்புன எடம் வேற. அது இன்னும் உள்ளயேதான் இருக்கு."

வில்சன் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, "அந்த... அந்த..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.

மாபெல் அழவில்லை. "வாயால சொல்லிட்டு, டாக்டரு வந்ததும் மாத்திப் பேசுவீங்க. எழுதிக் குடுங்க."

சுல்மா எழுதினாள். ஐந்தே வரி. கையெழுத்துப் போட்டாள், அது யாருக்கும் விளங்காத கிறுக்கல். பிறகு, அந்த ஊர் வழக்கப்படி, அதன் கீழே முழுப் பெயரையும் அச்சடித்தாற்போல் தெளிவாக எழுதி, கேட்காமலேயே தன் அடையாள அட்டை எண்ணையும் சேர்த்து, தாளை மாபெல் பக்கம் திருப்பிவைத்தாள்.