அம்மா துவைத்துவிட்ட ஆறு

ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டுக் கண்காட்சிக்கு நான் எடுத்துக்கொண்டது அடையாறு. முடிச்சூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி அது ஓடுகிறது. நான் வரையவில்லை. ஆறே வரையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு வெள்ளைக் காடாத் துணிகள். முடிச்சூருக்கு மேலே தொடங்கி அனகாபுத்தூர் வரை ஏழு இடங்களில் ஒவ்வொன்றையும் கல்லில் கட்டி ஒரு வாரம் தண்ணீரில் போட்டு வைத்தேன். முதல் துணியில் பாசியும் சேறும். அடுத்தடுத்து சாம்பல், கறுப்பு, எண்ணெய்ப் படலம். கடைசித் துணியோடு ஒரு ஷாம்பு பாக்கெட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. வரிசையாக மாட்டினால் போதும், ஆற்றை நாம் என்ன செய்துவிட்டோம் என்பது தெரிந்துவிடும். இறுதி மதிப்பெண் முழுக்க இந்தத் துணிகளில்தான் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். அம்மா பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் துணி துவைக்கிறாள். வெள்ளைத் துணியை வெள்ளையாக வைப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை தாம்பரத்தில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். கொடியில் ஏழு துணிகளும் காய்ந்துகொண்டிருந்தன. சொட்டு நீலம் போட்டு, கஞ்சியும் போட்டு, பளிச்சென்று.

"அம்மா! இன்னாம்மா செஞ்ச?"

"இன்னா செஞ்சனா? பையில சுத்தி வெச்சிகீற, வூடே சாக்கட நாத்தம். நாளைக்குப் பரீட்சன்னியே, இத்த எடுத்துகினு போனா உன்ன இன்னா நெனைப்பாங்க? தொவைக்கிறவ பொண்ணு கொண்டாந்த துணியப் பாருன்னு சிரிக்க மாட்டாங்க?"

"அந்த அழுக்குதாம்மா என் படம்!"

"சொல்லியிருந்தா தொட்டிருப்பனா? மூணு தபா சோப்பு போட்டேன்டி. கை எரியுது."

"உனக்குச் சொன்னா புரியவா போவுது?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மா பின்கட்டுக்குப் போய்ப் பின்வாசலைக் கழுவ ஆரம்பித்தாள். முதல் சோப்புத் தண்ணீரை அவள் என்றைக்குமே கொட்டியதில்லை, பின்வாசல் கழுவத்தான் வைத்துக்கொள்வாள். என் துணிகளைத் துவைத்த தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த பழைய பெயிண்ட் பக்கெட்டிலிருந்து ஒரு சொம்பு எடுத்து ஊற்றினாள். கறுப்பாக ஓடி, கழிவுநீர்க் குழாய் வழியே தெருக் கால்வாயில் இறங்கியது. அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அது ஆற்றில் சேரும் இடத்தில்தான் என் நாலாவது துணியைக் கட்டியிருந்தேன். அந்த ஒரு வாரத்தில் ஒருமுறைகூட எங்கள் வீட்டுக் குழாய் என் நினைவுக்கு வரவில்லை.

"ஊத்தாத, இரு இரு!" என்று ஓடினேன்.

மறுநாள் ரயிலில் மூடி போட்ட அந்தப் பக்கெட்டை நான் மடியில் வைத்துக்கொண்டேன். மடிப்புக் கலையாமல் துணிகளை அம்மா பிடித்துக்கொண்டாள். நான் வரச் சொல்லவில்லை. "நீ பிடிச்சா கசக்கிடுவ" என்று அவளாகவே கிளம்பிவிட்டாள். முந்தைய நாள் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குப் பதிலாக, எந்தத் துணி எந்த இடத்தில் கிடந்தது என்று பல்லாவரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

ஏழு வெள்ளைத் துணிகளை மாட்டினோம். கீழே பக்கெட்டைத் திறந்து வைத்தேன். நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

தேர்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். "கண்காட்சி முடிஞ்சதும் இந்தத் தண்ணிய என்னம்மா பண்ணுவ?"

சுவரோரம் நின்றிருந்த அம்மாதான் சொன்னாள்:

"வேற எங்க சார் ஊத்துறது? எங்க ஊத்தினாலும் ஆத்துக்குத்தான் போவும்."

அவர் சிரிக்கவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.